குளிர்வெளியில் வானைப் படித்தல்: பாதுகாப்பான பயணமும் வானிலைக் குறிகளும்

நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு வானிலை பெரும்பாலும் குடையைப் பற்றிய கேள்வியாகவே இருந்துவிடுகிறது. வானம் கறுத்தால் மழை வரும், அரைமணி நேரம் ஒதுங்கி நின்றால் போதும், நனைந்தாலும் உலர்ந்துகொள்ளலாம். வானத்தைத் தவறாகப் படித்தவருக்கு இங்கே கிடைக்கும் தண்டனை பெரும்பாலும் சிறியது. துருவங்களை ஒட்டிய நிலங்களில் அதே தவற்றினால் கால்விரல்களை இழந்தோர் உண்டு. உயிரையே இழந்தோரும் உண்டு. ஆகவே அந்நிலங்களில் வாழ்ந்த மக்கள் வானத்தையும் காற்றையும் காலடியிலுள்ள பனியையும் ஒரு நூலைப் படிப்பதுபோலப் படிக்கக் கற்றனர். அந்தப் படிப்பு எத்தகையது, எதனால் அது உயிர் காக்கிறது, அது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு எவ்வாறு சென்று சேர்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். தமிழில் 'பனி' என்பது புல்நுனியில் நிற்கும் துளியையும் விடியற்காலை மூட்டத்தையும் குறிக்கும் சொல். முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயரிட்ட நம் முன்னோர் கண்ட பனி அதுவே. குளிர்நாட்டுச் செய்திகளைச் சொல்லும்போது இந்த ஒரு சொல் போதாது. எனவே வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதை வெண்பனி என்றும், நீர் உறைந்து பாளமாவதைப் பனிக்கட்டி என்றும், வெண்பனியை வாரி இறைத்துக்கொண்டு வீசும் கடுங்காற்றைப் பனிப்புயல் என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

1. ஒரு தவறான புறப்பாடு

தென்துருவத்தை முதன்முதலில் அடைந்தவர் நார்வே நாட்டின் ரோல்ட் அமுண்ட்சென் என்பதை நம் மாணவர்கள் அறிவர். அவர் அங்கே நின்ற நாள் 1911 டிசம்பர் 14. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் செய்த ஒரு பிழையை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

அந்த ஆண்டு தென்துருவக் குளிர்காலம் முடியும் தறுவாயில் அமுண்ட்செனின் மனம் அமைதியிழந்திருந்தது. பிரிட்டனின் இராபர்ட் ஸ்காட் தமக்கு முன்பே துருவத்தை அடைந்துவிடுவாரோ என்னும் அச்சம் அவரை உறுத்தியது. செப்டம்பர் தொடக்கத்தில் குளிர் சிறிது தணிந்தது. அதை இளவேனிலின் வருகையாகக் கொண்டு, செப்டம்பர் 8ஆம் நாள் எட்டுப் பேர் நாய்வண்டிகளுடன் புறப்பட்டனர். சில நாள்களுக்குள் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 55 பாகை செல்சியசை ஒட்டி வீழ்ந்தது. திசைகாட்டியினுள் இருந்த நீர்மம் உறைந்தது. நாய்களின் பாதங்கள் புண்ணாயின. மனிதர்களின் குதிகால்களில் பனிக்கடி ஏற்பட்டது. 80ஆம் தென்பாகையில் இருந்த உணவுக்கிடங்கில் சுமையை இறக்கிவிட்டு அனைவரும் திரும்பினர். திரும்பும் வழியில் குழு சிதறியது. முன்னே சென்றோர் முகாமை அடைந்து பல மணி நேரம் கழித்தே இறுதி இருவர் வந்து சேர்ந்தனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் காண வேண்டியவை இரண்டு. அமுண்ட்சென் ஒரே ஒரு குறியை, அதாவது சில நாள் தணிந்த குளிரை, முழுச் செய்தியாகக் கொண்டுவிட்டார். அக்குறியை அவ்வாறு படிக்கச் செய்தது அவருடைய அவசரம். எனினும் பிழை தெரிந்தபின் அவர் மேலும் முன்னேறவில்லை. திரும்பிவந்து, ஏறத்தாழ ஐந்து வாரம் காத்திருந்து, அக்டோபரில் நால்வருடன் மீண்டும் புறப்பட்டார். துருவத்தை அடைந்து 1912 ஜனவரி 25ஆம் நாள் ஐவரும் நலமாக முகாமுக்குத் திரும்பினர். செப்டம்பரில் திரும்பியிராவிடில் டிசம்பரில் வெற்றி இருந்திருக்க இயலாது.

2. குளிர் உடலை வெல்லும் முறை

வானிலைக் குறிகளைப் படிப்பதன் தேவையை உணர, குளிர் எவ்வாறு மனிதனை வீழ்த்துகிறது என்பதை அறிதல் வேண்டும். அதற்கு உதவுவோர் மூவர்: காற்று, ஈரம், களைப்பு.

நம் உடலைச் சுற்றி, உடல் சூடேற்றிய மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. வீசும் காற்று அதைக் கலைத்துக்கொண்டே இருக்கும். உடல் அதை மீண்டும் மீண்டும் சூடாக்க வேண்டியிருக்கும். இதனால்தான் வெப்பமானி காட்டும் எண் ஒன்றாகவும் தோல் உணரும் குளிர் வேறாகவும் உள்ளன. கனடாவில் இன்று பயன்படும் கணக்கின்படி, சுழியத்துக்குக் கீழ் 20 பாகை வெப்பநிலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழ் 33 பாகைக்கு நிகர். அந்நிலையில் 10 முதல் 30 நிமிடத்துக்குள் தோல் உறையக்கூடும். சுழியத்துக்குக் கீழ் 30 பாகையில் 40 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால் அது 48 பாகைக் குளிருக்கு நிகராகிறது. அப்போது தோல் உறைய ஐந்து நிமிடம்கூட ஆகாமற்போகலாம். ஆகவே குளிர்வெளிப் பயணி முதலில் கேட்பது, "எவ்வளவு குளிர்?" என்பதைக் காட்டிலும், "காற்று எங்கிருந்து, எவ்வளவு?" என்பதாகவே இருக்கும்.

ஈரம் அடுத்த பகை. நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்திச் செல்லும். இவ்வீரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. வேகமாக நடந்து வியர்த்தால், நிற்கும்போது அவ்வியர்வை ஆடைக்குள் குளிர்ந்துவிடும். எனவேதான் அனுபவமுடையோர் புறப்படும்போதே மேலாடை ஒன்றைக் கழற்றிச் சற்றுக் குளிரோடு நடப்பர். ஓய்வெடுக்க நின்ற உடனே, குளிர் தெரிவதற்கு முன்பே, அதை அணிந்துகொள்வர். தாகத்துக்கு வெண்பனியை அப்படியே உண்பதும் தவறு. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க மட்டுமே ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும்; அதை உடலே தர நேரும்.

ஈரமும் காற்றும் சேர்ந்தால் உறைநிலைக்கு மேலேயும் உயிர்க்கேடு உண்டு. மலேசியாவின் சபா மாநிலத்தில் நிற்கும் கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர் உயரமுடையது. விடியலைக் காண நள்ளிரவு கழிந்து ஏறுவோர் அங்கே உறைநிலையை ஒட்டிய குளிரைச் சந்திப்பர். மழையில் நனைந்த பருத்திச் சட்டையும் மலைக்காற்றும் சேர்ந்தால், வெண்பனி இல்லாமலே உடலின் வெப்பம் இறங்கத் தொடங்கும். துருவத்தின் பாடம் நமக்குத் தொலைவானதன்று.

மூன்றாவது பகைவனாகிய களைப்பு அறிவைத் தாக்குகிறது. உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அதை உடல் வெப்பக் குறைவு என்கிறது மருத்துவம். நடுக்கம், கைவிரல்களின் தடுமாற்றம், குழறும் பேச்சு, இடறும் நடை ஆகியவை அதன் முதற்குறிகள். அவற்றோடு முடிவெடுக்கும் ஆற்றலும் மங்குகிறது. தன் நிலையைத் தானே உணர முடியாத நிலை அது. எனவே குழுவில் ஒருவர் மற்றவரின் முகத்தையும் பேச்சையும் கவனித்துக்கொண்டே செல்வர். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ மெழுகுபோல் வெளிறிய புள்ளி தோன்றினால், அதை அணிந்திருப்பவர் காண இயலாது. உடன்வருபவரே சொல்ல வேண்டும். தனியே பயணம் செய்யலாகாது என்னும் விதியின் உட்பொருள் இதுவே.

3. வானம் காட்டும் குறிகள்

வானிலைக் குறிகளில் தலையானது காற்றின் மாற்றம். ஒரே திசையிலிருந்து சீராக வீசிய காற்று திடீரெனத் திசை மாறினாலோ, முற்றிலும் ஓய்ந்து மீண்டும் வேறு பக்கத்திலிருந்து எழுந்தாலோ, வானிலை மாறுகிறது என்று கொள்ளலாம். வடவரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், தாழ்வழுத்தப் பகுதி நம் இடப்பக்கம் இருக்கும். தென்னரைக்கோளத்தில் அது வலப்பக்கம். டச்சு அறிவியலார் பைஸ் பாலட்டின் பெயரால் வழங்கும் இவ்விதி, கருவி ஏதும் இல்லாதவருக்கும் புயல் எப்பக்கம் உள்ளது என்பதை ஓரளவு உணர்த்தும். எனினும் நிலநடுக்கோட்டின் அருகில் இவ்விதி பொருந்தாது.

காற்றழுத்தமானியை உடன்கொண்டு செல்வோர்க்கு அதன் இறக்கம் மற்றொரு குறி. நம் நாட்டில் அழுத்தம் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே எல்லைக்குள் ஏறி இறங்கும். உயர் அகலாங்குகளிலோ சில மணி நேரத்துக்குள் பெரிதும் மாறும். உயரமானி வைத்திருக்கும் மலையேறி ஓரிடத்தில் இரவு தங்கிக் காலையில் பார்க்கும்போது, தாம் அசையாதிருந்தும் கருவி கூடுதல் உயரத்தைக் காட்டினால், அழுத்தம் குறைந்துள்ளது என்று பொருள். புறப்பாட்டைத் தள்ளிவைக்க அது போதிய காரணம்.

மேகங்களின் வரிசையும் கதை சொல்லும். முதலில் உயரத்தில் மயிரிழைபோன்ற கீற்றுமேகங்கள் தோன்றும். பின்னர் அவை மெல்லிய திரையாகப் படர்ந்து கதிரவனையோ நிலவையோ சுற்றி ஒளிவட்டம் காட்டும். அதன்பின் மேகம் தாழ்ந்து தடித்து, ஒளி மங்கி, வெண்பனி விழும். வெப்பக் காற்று குளிர்காற்றின்மேல் ஏறி வருவதன் படிகள் இவை. மலைப்பகுதியில், சிகரத்தின்மேல் வில்லைபோல் அசையாது நிற்கும் மேகமும், சிகர நுனியிலிருந்து கொடிபோல் பறக்கும் வெண்பனிப் புகையும், கீழே அமைதி இருப்பினும் மேலே கடுங்காற்று வீசுவதைக் காட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும. ஒளிவட்டத்தைக் கண்டவுடன் புயல் வருமென முடிவு கட்டலாகாது. மிகக் கடுங்குளிரில், மேகமே இல்லாத வானத்திலும், நுண்ணிய பனிப்படிகங்கள் காற்றில் மின்னிக்கொண்டு மிதக்கும். அவையும் கதிரவனைச் சுற்றி வட்டம் காட்டும். அதன் இருபுறமும் 22 பாகைத் தொலைவில் பொய்க்கதிரவன்களைத் தோற்றுவிக்கும். அது அமைதியான வானிலையிலும் காணும் காட்சி. ஒரே ஒளிவட்டம் ஒருநாள் புயலின் முன்னோடி. மற்றொரு நாள் வெறும் குளிரின் அணிகலன். இரண்டையும் பிரித்தறிய, காற்று மாறியதா, அழுத்தம் இறங்கியதா, மேகம் தாழ்கிறதா, குளிர் திடீரெனத் தணிகிறதா என்று பிற குறிகளையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். ஒரு சொல்லின் பொருளைத் தொடர் உறுதிசெய்வதுபோல், ஒரு குறியின் பொருளைச் சூழல் உறுதிசெய்கிறது.

புகையும் ஒலியும்கூடக் குறிகளே. முகாமின் புகை நேராக எழுந்து ஓர் உயரத்தில் தட்டையாகப் பரவினால், கீழே குளிர்காற்றும் மேலே வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கின்றன. அத்தகைய அமைதியான இரவுகளில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கும். அடித்தளத்தில் கூடாரமிடுவோர் சரிவில் சற்று மேலே தங்குவோரைவிடக் கூடுதல் குளிரை அனுபவிப்பர். கடுங்குளிரில் காலடி வெண்பனி கிறீச்சிடும். குளிர் தணியும்போது அவ்வொலி மங்கிவிடும். பழகிய காது அதனைக்கொண்டே வெப்பநிலையின் போக்கை உணரும்.

4. காலடியில் உள்ள நூல்

கனடாவின் வடக்கே, நுனாவுட் ஆட்சிப்பகுதியில் ஃபாக்ஸ் கடற்பரப்பின் வடபுறம் இக்லூலிக் என்னும் சிறு தீவு உள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே கதிரவன் தொடுவானத்துக்கு மேல் எழுவதில்லை. அங்கு வாழ்வோர் இனுயிட் மக்கள்; நம் பழைய பாடநூல்கள் எஸ்கிமோ என்று குறித்தவர்கள். அவர்களுக்குக் கடல் ஆண்டின் பெரும்பகுதியில் நடக்கும் நிலம். எனவே கடற்பனிக்கட்டியைப் படிப்பது அவர்தம் வாழ்வின் அடிப்படைக் கல்வி.

கடல்நீர் சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 1.8 பாகையில் உறைகிறது. புதிதாக உறைந்த கடற்பனிக்கட்டி கருமையாக இருக்கும். தடிக்கத் தடிக்கச் சாம்பல் நிறமாகி, பின் வெளுக்கும். ஏரியின் நன்னீர்ப் பனிக்கட்டி விறைப்பானது. அதில் விரிசல் ஒலி கேட்கும். உப்புக் கலந்த கடற்பனிக்கட்டியோ வளைந்து கொடுக்கும். ஏரியில் பழகியவர் கடலிலும் அதே கணக்கைப் போட்டால் ஏமாறுவார். தெளிந்த ஏரிப் பனிக்கட்டியில் ஒருவர் நடக்கக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிப்பு வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். வெண்மையாகக் குழம்பிய பனிக்கட்டியின் வலிமை அதில் பாதியே. மேலும் பனிக்கட்டி எங்கும் ஒரே தடிப்பில் இருப்பதில்லை. நீரோட்டம் விரையும் குறுகிய வழிகளிலும் ஆறு வந்து கலக்கும் இடங்களிலும் அது மெலிந்திருக்கும். மேலே கிடக்கும் தடித்த வெண்பனி போர்வைபோல் வெப்பத்தைத் தடுத்து, கீழே பனிக்கட்டி தடிப்பதைத் தாமதப்படுத்தும். ஆதலால் வேட்டைக்காரர் ஈட்டியின் அடிமுனையால் குத்திப் பார்த்துக்கொண்டே முன்செல்வர்.

தொலைவிலுள்ள இடரை வானமே காட்டித் தருவதும் உண்டு. தாழ்ந்த மேகத்தின் அடிப்பரப்பு ஒரு கண்ணாடிபோல் செயல்படும். கீழே பனிப்பரப்பு இருந்தால் மேகத்தின் அடி வெளிறி ஒளிரும். திறந்த நீர் இருந்தால் அங்கே கருந்திட்டாகத் தெரியும். பல கிலோமீட்டருக்கு அப்பால் கடல் திறந்திருப்பதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே மேகத்தில் படித்துவிடலாம். திறந்த நீரிலிருந்து எழும் ஆவிப்புகையும் அதே செய்தியைச் சொல்லும்.

எவ்வளவு கவனித்தும் ஒருவர் நீரில் விழ நேரலாம். குளிர்நீரில் விழுந்தோரின் உடலியலை ஆராய்ந்த கனடிய அறிஞர் கோர்டன் கீஸ்பிரெக்ட் அதற்கு ஓர் எளிய கணக்கைப் பரப்பியுள்ளார்: ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அதை அடக்குவதே அப்போதைய ஒரே வேலை. அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் பயன்படும். அதற்குள் வெளியேற முயல வேண்டும். நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். வந்த திசை நோக்கித் திரும்பி, கால்களை உதைத்து உடலைக் கிடைநிலைக்குக் கொணர்ந்து, பனிக்கட்டியின்மேல் ஏறியபின் எழுந்து நில்லாமல் உருண்டு விலக வேண்டும். வந்த வழி நம்மைத் தாங்கியது என்பது உறுதி. முன்னுள்ள வழியைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

5. காற்றின் பெயரும் வழியின் பெயரும்

மேகம் மூடிய பகலில் வெண்பனிப் பரப்பில் நிழலே விழாது. வானும் நிலமும் ஒன்றாகித் தொடுவானம் மறைந்துவிடும். அப்போது இக்லூலிக் மக்கள் எதைக்கொண்டு திசை அறிகின்றனர்?

அவர்கள் காற்றுகளுக்குப் பெயரிட்டுள்ளனர். மேற்குக்கும் வடமேற்குக்கும் இடையிலிருந்து வருவது உவாங்னாக். அதற்கு எதிர்ப்புறமாகத் தென்கிழக்குப் பக்கத்திலிருந்து வருவது நிகிக். வடகிழக்குப் பக்கக் காற்றுக்கும் தென்மேற்குப் பக்கக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. உவாங்னாக் கடுமையாக வீசி, வெண்பனியைச் செதுக்கி, நாக்கு வடிவ மேடுகளை அமைக்கிறது. நாக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அம்மேடுகளுக்கு உகாலுராய்ட் என்னும் பெயர் வந்தது. இறுகிப்போன அம்மேடுகள் பின்வரும் காற்றுகளால் எளிதில் கலைவதில்லை. அவை கிடக்கும் திசை தெரிந்தால், அவற்றை எந்தக் கோணத்தில் கடக்கிறோம் என்பதை நோக்கியே செல்லும் வழியைப் பிறழாமல் காக்கலாம். இருளில் கண்ணுக்குத் தெரியாதபோது கால்களாலும் வண்டியின் குலுக்கத்தாலும் அக்கோணம் உணரப்படும்.

இச்செய்தியைக் கேட்கும் தமிழருக்கு வாடையும் தென்றலும் நினைவுக்கு வருதல் இயல்பு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. நாமும் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயரிட்டவர்களே. ஒரு காற்றுக்குப் பெயரிடுவது அதன் திசையையும் பருவத்தையும் குணத்தையும் ஒரே சொல்லில் சேர்த்து வைப்பதாகும். அப்பெயரைக் கேட்ட சிறுவன் அக்காற்றைத் தனியே அடையாளம் காணக் கற்கிறான்.

அமுண்ட்சென் தம் முதற்பாடங்களை இம்மக்களின் உறவினரிடமே கற்றார். 1903 முதல் 1905 வரை இரு குளிர்காலங்களை வடகனடாவில் நெட்சிலிக் இனுயிட் மக்களின் அருகே கழித்து, மான்தோல் ஆடையின் தைப்பையும் நாய்வண்டி ஓட்டும் முறையையும் பயின்றார். தென்துருவப் பயணத்தில் வழிகாக்கவும் அவர் மிகுந்த கவனம் செலுத்தினார். 80ஆம் தென்பாகைக் கிடங்கின் இருபுறமும், பயண வழிக்குக் குறுக்காக, எண்ணிட்ட கொடிகளை நெடுந்தொலைவு வரிசையாக நட்டார். மூடுபனியில் சற்று வழிதவறி வந்தாலும் ஏதேனும் ஒரு கொடி கண்ணில் படும்; அதன் எண் கிடங்கு எப்பக்கம் உள்ளது என்பதைச் சொல்லும். வழிநெடுக வெண்பனியால் மேடுகள் கட்டி, அடுத்த மேட்டின் திசையையும் தொலைவையும் எழுதிய தாளை அவற்றுள் வைத்தார். தாம் தவறக்கூடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒருவரின் ஏற்பாடு அது.

இன்று செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகள் இக்லூலிக்கிலும் பரவலாக உள்ளன. அவை பல உயிர்களைக் காத்துள்ளன. ஆனால் கருவி இரண்டு இடங்களுக்கிடையே நேர்கோட்டைக் காட்டும். அக்கோட்டின் நடுவே பனிக்கட்டி மெலிந்திருப்பதை அது அறியாது. கடுங்குளிரில் அதன் மின்கலம் விரைவில் ஓய்ந்துவிடும். இக்லூலிக் மக்களின் வழித்தடங்களை ஆராய்ந்த கிளாடியோ அப்போர்ட்டா, ஒவ்வோர் ஆண்டும் கோடையில் உருகி மறையும் அத்தடங்கள் அடுத்த குளிர்காலத்தில் ஏறத்தாழ அதே இடங்களில் மீண்டும் தோன்றுவதைப் பதிவுசெய்துள்ளார். அவற்றைத் தாங்கி நிற்பது வாய்மொழியும் இடப்பெயர்களும் மக்களின் நினைவும்.

6. நிற்கத் தெரிதலும் திரும்பத் தெரிதலும்

குறிகளை எல்லாம் படித்தபின் எடுக்க வேண்டிய முடிவு பலவேளைகளில் 'இன்று போக வேண்டா' என்பதாகவே இருக்கும். இதுவே மிகக் கடினமான பாடம்.

1909 ஜனவரி 9ஆம் நாள் எர்னெஸ்ட் ஷாக்கிள்டனும் மூன்று தோழர்களும் தென்துருவத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் நின்றனர். அதுவரை எவரும் அவ்வளவு தெற்கே சென்றதில்லை. முன்னேறினால் துருவத்தை அடையலாம். உணவோ திரும்புவதற்குப் போதாது. அவர் திரும்பினார். நால்வரும் உயிருடன் கப்பலை அடைந்தனர்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், துருவத்தை அடைந்து திரும்பிய ஸ்காட்டின் குழுவினருக்கு வேறு முடிவு நேர்ந்தது. 1912 மார்ச்சில் அவர்கள் சந்தித்த குளிர் அப்பகுதியின் வழக்கத்தைவிடக் கடுமையானது என்பதை வானிலை அறிஞர் சூசன் சாலமன் பிற்காலப் பதிவுகளோடு ஒப்பிட்டுக் காட்டியுள்ளார். அத்தகைய குளிரில் வெண்பனி வழுக்காது. மணலில் இழுப்பதுபோல் வண்டி தேயும். இறுதிக் கூடாரம், உணவு நிறைந்த பெருங்கிடங்குக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் நின்றது. அக்கிடங்கும் முந்தைய ஆண்டு திட்டமிட்ட 80ஆம் பாகைக்குக் கொண்டுசெல்லப்படாமல் அதற்கு வடக்கே 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலேயே அமைக்கப்பட்டிருந்தது. ஸ்காட்டின் நாட்குறிப்பில் இறுதிப் பதிவு மார்ச் 29. இவர்களின் துணிவைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. வானிலைக்கு இடம் விட்டுவைக்காத திட்டம் எவ்வளவு துணிவுடையோரையும் கைவிடும் என்பதையே இங்கு நினைக்கிறோம்.

ஆகவே அனுபவமுடையோர் திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே, உடல் சூடாகவும் அறிவு தெளிவாகவும் இருக்கும்போதே, முடிவுசெய்வர். செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் வீட்டிலிருப்போரிடம் சொல்லிச் செல்வர். வழி தெரியாமற்போனால் அலையாமல் நிற்பர். பனிப்புயலில் நடப்பவர் சில மணி நேரத்தில் களைத்து வீழ்வார். வெண்பனியில் குழி தோண்டி ஒதுங்குபவர் காத்திருந்து பிழைப்பார். வெண்பனிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைக் காக்கும். வெளியே சுழியத்துக்குக் கீழ் 40 பாகை இருக்கும்போதும் உள்ளே உறைநிலையை ஒட்டி இருக்க இயலும். ஆனால் மூச்சுக்காற்று வெளியேறத் துளை ஒன்று திறந்திருக்க வேண்டும்.

7. வானிலையும் அறிவும் ஒரே சொல்

இனுயிட் மொழியில் 'சிலா' என்று ஒரு சொல் உண்டு. வெளியுலகம், வானம், வானிலை ஆகியவற்றை அது குறிக்கும். அறிவுடைமையைக் குறிக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறக்கிறது. வெளியே நிகழ்வதைச் சரியாகப் படிப்பவரே அறிவுடையவர் என்னும் எண்ணம் அம்மொழியின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது.

மொழியைப் பேண முனையும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. உகாலுராய்ட் என்னும் சொல்லை இழந்த இளைஞன் முன்னும் அம்மேடுகள் கிடக்கும். ஆனால் அவன் காண்பது வெறும் வெண்பனிக் குவியலாகவே இருக்கும். கடற்பனிக்கட்டியின் வகைகளுக்குரிய சொற்கள் மறையும்போது, எது தாங்கும் எது தாங்காது என்னும் அறிவும் உடன் மறைகிறது. அந்நிலத்தில் சொல்லிழப்பு உயிரிழப்பில் முடியக்கூடும். நம்மிடையே அது அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஆயினும் வாடைக்கும் தென்றலுக்கும் வேறுபாடு அறியாமல் இரண்டையும் 'காற்று' என்று மட்டும் சொல்லிப் பழகும் பிள்ளை, கவனிக்கும் வாய்ப்பு ஒன்றை இழக்கத்தான் செய்கிறது.

ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் எளிய பயிற்சியைத் தொடங்கலாம். மாணவர்கள் ஒரு மாத காலம், நாள்தோறும் ஒரே நேரத்தில், காற்றின் திசையையும் மேகத்தின் வடிவையும் தமிழில் இரண்டு வரி எழுதட்டும். அடுத்த நாளின் வானிலையையும் முன்னுரைக்கட்டும். மறுநாள் தம் முன்னுரை பொய்த்திருந்தால், எந்தக் குறியைக் காணத் தவறினோம் என்று எழுதட்டும். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரிடம் மழைக்குறிகளுக்கு வழங்கிய சொற்களைக் கேட்டு வரட்டும். சரியாகச் சொன்ன நாள்களைவிடத் தவறிய நாள்களே மிகுதியாகக் கற்பிக்கும். அவசரத்தில் புறப்பட்டுப் பிழையை உணர்ந்து திரும்பிய அமுண்ட்செனுக்கும் அதுவே நேர்ந்தது.